பங்கு என்றொரு பெயர்

பங்குத்தந்தை என்று ஒருமுறையும் பங்குச்சந்தை என்று ஒருமுறையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவிலுள்ள தகரம் சகரமாக மாறியதும், பாவமன்னிப்புக் கேட்ட இடத்தில் விலைப்பட்டியல் ஓடத் தொடங்கிவிடுகிறது. தந்தையும் சந்தையும் எப்படியோ போகட்டும். இரண்டுக்கும் முன்னால் அசையாமல் நிற்கும் அந்த மூன்றெழுத்துச் சொல்லைப் பற்றித்தான் சொல்லன்பராகிய உங்களோடு சற்று நேரம் பேச விரும்புகிறேன். ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கத்தோலிக்க மக்கள் கூட்டத்துக்கும், அவர்கள் வாழும் எல்லைக்கும், அந்த எல்லைக்குள் நிற்கும் கோயிலுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் இன்று வழங்கும் பெயர் பங்கு. தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ கத்தோலிக்கர் இருவர் புதிதாகச் சந்தித்தால், "நீங்க எந்தப் பங்கு?" என்னும் கேள்வி தெருப்பெயருக்கும் வீட்டெண்ணுக்கும் முன்னரே வந்துவிடும். கேட்பவரும் விடை சொல்பவரும் அச்சொல்லின் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை. நாளும் புழங்கும் சொல்லை யார்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்!

பகு என்பது வேர். பிளத்தல், பிரித்தல், பகிர்ந்தளித்தல் என்னும் மூன்றும் அதன் பொருள்கள். இடையே மெல்லினம் புகுந்து பகு பங்கு ஆயிற்று. இந்த வேரிலிருந்து கிளைத்த சொற்களை ஒரு வரிசையில் நிறுத்தினால் தமிழின் செல்வம் தெரியும்: பகுதி, பகுப்பு, பகிர்வு, பகுதி குறுகிய பாதி, பகுத்தது என்னும் பொருள்பட்ட பால், தோட்டத்தில் வரப்பிட்டுப் பிரித்த பாத்தி, பகிர்ந்துண்ணும் உணவுக்குக் குறள் வழங்கும் பாத்தூண் என்னும் அழகிய பெயர். நாளை இரண்டாகப் பிளக்கும் நண்பகல் முதலில் பகலாக இருந்து, பின்னர் வெளிச்சமுள்ள பொழுது முழுவதுக்கும் அப்பெயர் பரவியது. நுகத்தடியின் நடுவே செருகிய ஆணிக்குப் பகலாணி என்று பெயர் வந்ததும் அந்த நடுமையால்தான். இத்தனை இனிய உடன்பிறப்புகளுக்கு நடுவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரு சொல்லும் உண்டு. அது பகை. பகுத்துக் கொடுப்பதும் பகுபட்டுப் போவதும் ஒரே வேரின் வேலை என்பதைத் தமிழ் மறைத்து வைக்கவில்லை. பங்காளி என்னும் சொல்லைப் பாருங்கள்: சொத்தில் உரிமையுள்ளவன், சாவில் தீட்டுள்ளவன், சண்டைக்கு முதல் ஆள் எல்லாம் அவனே.

பங்குக்கும் பங்குனிக்கும் உறவில்லை. அது வடமொழிப் பால்குனத்தின் தமிழ் உரு. காயல்பட்டினத்துப் பள்ளிவாசலில் ஒலிக்கும் பாங்குக்கும் பங்குக்கும் உறவில்லை. அது குரல், முழக்கம் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல். தோழனைப் பாங்கன் என்றும் தோழியைப் பாங்கி என்றும் அகப்பாட்டு மரபு குறிக்கிறதே, அந்தப் பாங்கு, அதாவது பக்கம் நிற்கும் தன்மை, நம் சொல்லுக்கு நெருங்கிய உறவு. பக்கம் என்னும் சொல்லையே பகு வேரில் கொண்டுவந்து சேர்ப்பாரும் உண்டு. வடமொழிப் பட்சத்தின் பிராகிருத வடிவம் அது என்பாரும் உண்டு. இருதரப்பும் சற்றே வாதாடிக்கொண்டிருக்கட்டும். பங்கு என்பதற்குத் துண்டு என்னும் பொருளோடு ஒருபுறம், ஒருபாதி என்னும் பொருளும் பழைமையானது என்பது மட்டும் இங்கே போதும். உமையைத் தன் மேனியில் ஒருபாதியாக வைத்த சிவனைத் தேவார ஆசிரியர்கள் மங்கைபங்கன் என்றழைத்தபோது, அங்கே பங்கு வெட்டியெடுத்த கூறாக இல்லை, ஒட்டியிருக்கும் பாதியாக இருக்கிறது.

கோயிலோடு பங்கு சேர்ந்தது கிறித்தவர் காலத்தில் நேர்ந்த புதுமையன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் கல்வெட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் என்று வகுக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். ஆடல் ஆசிரியருக்கும் பாடுவோருக்கும் வேறு தொழிலாளருக்கும் அவரவர் பணியின் தரத்துக்கேற்பப் பங்குகள் கூடியும் குறைந்தும் வருகின்றன. பங்கு பெற்றவர் இறந்தால் அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும் என்பதும் அதே கல்வெட்டின் ஆணை. ஆகவே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கோயில் வட்டாரத்தில் பங்கு என்பது நெல்லையும் குறித்தது, அந்த நெல்லுக்கு ஈடாகச் செய்ய வேண்டிய பணியையும் குறித்தது. பிரமதேய ஊர்களிலும் வேளாண் ஊர்களிலும் நிலம் பங்கு பங்காகக் கிடந்தது. பங்குடையவனுக்கு ஊர்ப்பேச்சில் குரல் இருந்தது. இன்றும் "உன் பங்குக்கு நீ என்ன செய்தாய்?" என்று கேட்கிறோமே, அது நெல்லைப் பற்றிய கேள்வியா, வேலையைப் பற்றிய கேள்வியா?

இனி, இச்சொல் யாருக்கு ஈடாக வந்து உட்கார்ந்ததோ அந்த மேலைச் சொல்லைப் பார்ப்போம். அதன் கதை முற்றிலும் வேறு. கிரேக்கத்தில் பரா என்றால் அருகே. ஒய்க்கோஸ் என்றால் வீடு. இரண்டும் சேர்ந்த பரோய்க்கோஸ், ஊராரின் வீடுகளுக்கு அருகே வந்து தங்கியிருக்கும் அயலான், குடியுரிமை இல்லாதவன், இன்று இருந்து நாளை போகக்கூடியவன். அவனுடைய தற்குடியிருப்பே பரோய்க்கியா. பேதுரு முதல் திருமுகம் கிறித்தவரின் உலக வாழ்வை இச்சொல்லால் குறிக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உரோமையிலிருந்து கொரிந்துக்குக் கிளமெந்து எழுதிய மடல், தன்னை உரோமையில் தற்குடியிருக்கும் சபையின் மடலாக அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நிலையான வீடு இதுவன்று என்று எண்ணியவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர், காலப்போக்கில் கல்லால் கட்டிய கோயிலுக்கும் எல்லை வகுத்த நிலத்துக்கும் பெயராகிப்போனது. வழிப்போக்கன் நிலக்கிழார் ஆனான்.

இலத்தீனில் அது பரோக்கியா ஆனபோது இன்னொரு சொல் வந்து அதனோடு கலந்தது. பரோக்குஸ் என்பவன் உரோமைப் பேரரசின் சாலைகளில் பயணம் செய்யும் அரசு அலுவலருக்கு விறகும் உப்பும் கொடுக்கக் கடமைப்பட்ட ஆள். ஒலி ஒப்புமையால் இந்த விறகு உப்புக்காரன் அந்த அயலான் வீட்டுக்குள் நுழைந்துகொள்ள, பங்குக்குருவுக்கு இலத்தீன் வழங்கும் முறையான பெயரே பரோக்குஸ் என்று நிலைத்துவிட்டது. ஊர்க்கோயிலின் குரு வழிப்பயணத்தில் இருக்கும் மக்களுக்கு உப்பும் விறகும் தருபவர் என்று எண்ணிக்கொள்ள இடம் தரும் இப்பிழையை யாரும் திருத்தாமல் விட்டது நல்லதாயிற்று.

போர்த்துகீசியர் வழக்கு மேலும் சுவையானது. அவர்கள் பங்கை ஃபிரெகெசியா என்பர். பங்கைச் சேர்ந்தவன் ஃபிரெகெஸ். திருச்சபையின் மகன் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் தேய்ந்து தேய்ந்து ஒரே சொல்லாகச் சுருங்கியது அது. நாம் பங்குமக்கள் என்கிறோம். அவர்கள் மகன் என்பதையே சொல்லுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். (அந்த ஃபிரெகெஸ் இப்போது கடைக்காரனின் வாடிக்கையாளனையும் குறிக்கிறான். சந்தை அங்கும் விடவில்லை.)

அந்தப் போர்த்துகீசியர் வழியாகத்தான் முத்துக்குளித்துறைக்கு இந்த அமைப்பு வந்தது. 1530-களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றபின், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். ஊருக்கு ஊர் குரு இல்லை. அவர் ஒருவர், கடற்கரையோ நீளமானது. ஊருக்கு ஓர் ஆளை அமர்த்தி, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித் தரவும், சாகக்கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றவும், மணமும் சாவும் எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்தார். அந்த ஆளைச் சவேரியாரின் மடல்கள் கனக்கப்போல் என்கின்றன. வேறு யாருமில்லை, நம் கணக்கப்பிள்ளைதான்! கடல்வணிகத்திலும் முத்துச்சலாபத்திலும் கணக்கெழுதியவரின் பெயர் அப்படியே கோயிலுக்குள் வந்துவிட்டது. அவர்களுக்குச் சம்பளமாகப் போனது எந்தப் பணம் தெரியுமா? போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையார் கட்டிவந்த 4,000 பணம். அரசி அதை விட்டுக்கொடுத்தார். ஆக, முத்துக்குளித்துறையில் பங்கின் தொடக்கம் மேடையிலோ பீடத்திலோ இல்லை, ஏட்டில் இருக்கிறது. கணக்கப்பிள்ளை பின்னர் உபதேசியார் ஆனார், கோயில்பிள்ளை ஆனார். ஏடு மட்டும் மாறாமல் நீடிக்கிறது. திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருமணங்களைப் பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும் என்று குருக்களைக் கட்டாயப்படுத்துவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் சவேரியார் செய்த ஏற்பாடு இது.

ஏடு ஏன் இவ்வளவு முதன்மையானது என்பதைக் கடல் தாண்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் 1619-இல் கைப்பற்றி, தீவக்குறையைக் கோயிலும் பள்ளியும் கொண்ட வட்டங்களாக வகுத்தனர். 1658-இல் வந்த ஒல்லாந்தர் அவ்வகுப்பை அப்படியே ஏற்றனர். அவ்வட்டத்துக்கு யாழ்ப்பாணத்துத் தமிழ் இட்ட பெயர் கோவிற்பற்று. பற்று என்பது ஈழத்தில் நாட்டுப்பிரிவுக்கு வழங்கும் பழஞ்சொல்; மட்டக்களப்பில் மண்முனைப்பற்றும் கோறளைப்பற்றும் இன்றும் உண்டு. பிடித்திருத்தல், ஒட்டியிருத்தல், அன்பு வைத்தல் என்று விரியும் பற்று, கோவிலோடு சேர்ந்து கோவிற்பற்று ஆனபோது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று மகிழலாம். ஆனால் அப்பற்றில் கட்டாயமும் கலந்திருந்தது. ஒல்லாந்தர் காலப் பள்ளித் தோம்பில் பெயர் ஏறினால்தான் திருமணம் செல்லும், பிள்ளைக்குச் சொத்து சேரும். பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்பதும் போர்த்துகீசியம் தந்த சொல்லே. உள்ளத்தில் சிவனும் தோம்பில் கிறித்துவுமாக வாழ்ந்த தலைமுறைகள் அங்கே இருந்தன. பங்கு ஓர் ஊருக்கு எதற்கு என்று கேட்டால், அந்நாளைய யாழ்ப்பாணத்தான் தயங்காமல் காணி உறுதிக்கு என்று சொல்லியிருப்பான்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடம் பங்குக்கு முன் செல்வாக்காக இருந்த சொல் விசாரணை. விசாரணைக் குரு, விசாரணைச் சாமியார் என்று பழைய திருமணச் சான்றுகளிலும் மடல்களிலும் காணலாம். இன்று விசாரணை என்றதும் காவல்நிலையம் நினைவுக்கு வருவது அச்சொல் மீது காலம் செய்த கொடுமை. வீட்டுக்கு வந்தவரை விசாரித்தல், நோயாளியை விசாரித்தல், வயதான தாயை விசாரித்துக்கொள்ளுதல் என்னும் வழக்குகளில் இருக்கும் கனிவே அதன் உள்ளீடு: நலம் கேட்டுக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு. சொல் வடமொழிதான்; பொருளோ தமிழ்க்குடும்பங்களின் வாசலில் விளைந்தது. தமிழ் கைவிட்ட இச்சொல்லைத் தெலுங்கு கைவிடவில்லை. ஆந்திரத்துக் கத்தோலிக்கருக்கு இன்றும் பங்கு என்பது விசாரண, பங்குத்தந்தை விசாரண குருவு. புதுவையிலும் திருச்சியிலும் மூத்தோர் வாயில் எப்போதாவது அது எட்டிப்பார்க்கும்.

இதே கண்காணிக்கும் பொருளில் ஒரு தூய தமிழ்ச்சொல் வேதாகமத்தில் கிடந்து கெட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். ஆயருக்குரிய கிரேக்கப் பெயர் எப்பிஸ்கொப்போஸ்; மேலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று பொருள். தமிழ் வேதாகமம் அதை எழுத்துக்கு எழுத்து கண்காணி என்று மொழிந்தது. எவ்வளவு செப்பமான சொல்! ஆனால் இலங்கை மலைத்தோட்டங்களில் கூலியாட்களை ஓட்டியவருக்கும் அதே பெயர் விழுந்தபின், ஆயரைக் கண்காணி என்றழைக்க யாருக்கு மனம் வரும்? கத்தோலிக்கர் நெடுங்காலம் மேற்றிராணியார் என்றனர். சிரியம் தந்து மலையாளம் மெத்ரான் என்று வழங்கிய சொல்லைத் தமிழ்நா மேல், திராணி என்று புணர்ச்சி விதி பிசகாமல் உடைத்துத் தன்னதாக்கிக்கொண்டது. பின்னர் ஆ என்னும் வேரிலிருந்து வந்த ஆயர் வந்தார். முல்லை நிலத்துப் பழங்குடிப் பெயர் மறைமாவட்டத் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது. மேய்ப்பர் என்னும் உவமைக்கு இதைவிடப் பழைய தமிழ் உடை கிடையாது.

சீர்திருத்தச் சபையார் பங்கு என்று சொல்வதில்லை. திருநெல்வேலிச் சீமையில் அவர்களுக்குச் சேகரம். சந்திரசேகரன், குலசேகரன் என்னும் பெயர்களில் முடியைக் குறிக்கும் சேகரம் வேறு. இது சேகரித்தலைக் குறிப்பது. சிற்றூர்ச் சபைகள் பலவற்றைத் திரட்டி ஒரு குருவானவரின் கீழ் வைத்தால் சேகரம். அவர் சேகர குரு. அந்நாட்டில் கிறித்தவம் பரவிய முறைக்கு இச்சொல் கச்சிதம். 1799-இல் முதலூர் என்று பெயரிட்டு ஒரு குடியிருப்பையே புதிதாக உண்டாக்கினார்கள். அடிபட்டு ஓடிவந்தவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டியிருந்தது. பின்னர் மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று புரங்கள் பெருகின. சிதறியவரைச் சேர்ப்பதே அங்கே முதல் வேலை. அரிசி உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவரும் பிடியரிசியும், பனைமரக்காட்டு ஊர்களில் ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உண்ணும் அசனமும் சேகரத்தின் உண்மையான இலக்கணம். அசனம் என்பது உணவைக் குறிக்கும் வடசொல். அறுவடைப் பண்டிகையில் முதல் விளைச்சலாக வந்த வாழைத்தாரும் கோழியும் ஏலத்துக்குப் போகும். ஏலம் தமிழ்போல் ஒலித்தாலும் போர்த்துகீசிய லெய்லாவ் ஈன்ற பிள்ளை. ஒரு கோழியை ஐந்து பேர் மாறி மாறி ஏலம் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் கூத்தை ஒருமுறை பார்த்தவருக்கு, விலை என்னும் சொல்லுக்கு அங்கே வேறு பொருள் உண்டு என்பது புரியும்.

மேற்கே போனால் மலையாளத்தின் இடவகை. இதன் பிறப்பு கோயிலில் இல்லை, அரண்மனையில். திருவிதாங்கூரில் எடப்பள்ளி, கிளிமானூர், பூஞ்ஞாறு, வஞ்சிப்புழை என்னும் நான்கு பெருங்கிழார் உடைமைகளுக்கு இடவகை என்றே பெயர். 1955-இல் சட்டம் இயற்றி அரசு அவ்வுரிமைகளை எடுத்துக்கொண்டது. ஆண்டை போய்விட்டார், சொல் கோயிலில் தங்கிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி முதலிய கடற்கரை ஊர்கள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆதலால் அங்கே பங்கும் இடவகையும் ஒரே தெருவில் உலவும்.

இத்தனை பெயர்கள் இருக்கப் பங்கு வென்றதை எண்ணிப் பார்க்கிறேன். திருச்சபைச் சட்டத்தின் 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பு, மறைமாவட்டத்தின் நிலப்பரப்பைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் ஒரு பங்கு என்றது. பகு என்னும் வேருக்கு நேரான வரையறை. 1983-இல் வந்த தொகுப்போ பங்கை முதலில் மக்கள் கூட்டமாக வரையறுத்து, எல்லையைப் பின்னுக்குத் தள்ளியது. தமிழ்ச்சொல் இதற்கும் அசையாமல் இடம் கொடுத்துவிட்டது. பங்காளிகள் இல்லாமல் பங்கு ஏது?

கடற்கரையில் இச்சொல்லுக்குக் கூடுதல் வலிமை உண்டு. அங்கே பங்கு என்பது கோயிலுக்கு முன்பே கரையில் கேட்ட சொல். வள்ளம் கரைசேர்ந்து மீன் விற்றதும் வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று பிரிப்பார்கள். மீன்பாடு குறைந்த நாளில் எல்லோருக்கும் குறையும். கோயிலுக்கும் அதில் ஒரு கூறு உண்டு. விற்ற மீனில் கோயில் எடுக்கும் வரியைத் தண்டும் உரிமையை ஏலத்தில் ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவதால், அந்த வரிக்கே குத்தகை என்று பெயர் வந்துவிட்டது. அதிலிருந்து திருவிழா நடக்கும், பள்ளி மதில் எழும்பும், கல்லறைத்தோட்டத்துக்கு வேலி போடப்படும். கடலுக்குப் போகும் மூத்தவர்கள் இதைப் பெருமையாகவும் சொல்வார்கள், கசப்பாகவும் சொல்வார்கள். பங்குத்தந்தை தலைமையில் ஊர்க்கமிட்டி உட்காரும். வலை அறுத்த வழக்கும் எல்லை தாண்டிய வழக்கும் அங்கேதான் முதலில் பேசப்படும். ஞாயிறன்று கடலுக்குப் போகக்கூடாது என்பது பங்கின் சட்டம், போனவனுக்குத் தண்டம். குருவுக்கு இவ்வளவு அதிகாரம் தகுமா என்னும் கேள்வியும் கரையில் பலகாலமாக உண்டு. நல்ல கேள்விதான். விசாரணை என்னும் பழம்பெயரின் இரண்டு பொருளும் அங்கே ஒருங்கே உயிர்பெற்றுவிடுகின்றன.

2004 திசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது கோயில் வளாகங்களில்தான் மக்கள் ஒதுங்கினார்கள். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011 முதல் இடிந்தகரையில் நடந்த போராட்டத்தின் பந்தல் லூர்து மாதா கோயிலின் முன்னால்தான் நின்றது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது, எந்தப் படகில் யார் போனார், யார் இன்னும் திரும்பவில்லை என்னும் பட்டியல் பங்குகளில் எழுதப்பட்டது. அரசின் எண்ணிக்கையோடு அது பொருந்தாமல் நாள்கள் கழிந்தன. வீடுவீடாக அறிந்த ஏடு அது. சவேரியார் அமர்த்திய கணக்கப்பிள்ளையின் வேலை 475 ஆண்டுகளுக்குப் பின்னும் தேவைப்பட்டது.

வேரில் இருக்கும் பகையையும் மறைக்கலாகாது. நீலகண்டப் பிள்ளை 1745-இல் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலுக்கு இரண்டு கைகள். ஒரு பீடத்தில் வந்து கூடும் இரண்டு கூடங்களாக, ஒரு சாதியார் முகம் மறு சாதியார் பாராதபடி கட்டப்பட்டது அது. நடுவே நின்ற தடுப்பை 1910-இல் தகர்த்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத்தோட்டங்கள் அதற்குப் பின்னும் தமிழ்நாட்டில் இருந்தன. திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை வரலாம் என்பதில் தலித் கிறித்தவர்கள் இன்றும் போராடும் ஊர்கள் உண்டு. பகுத்தளிக்கும் பங்கு, பகுத்து விலக்கும் பங்காகவும் இருந்தது. சொல்லின் மேல் காதல் கொண்டவர்கள் இவ்விடத்தைத் தாவிக் கடப்பது நேர்மையாகாது.

பங்குகள் பிரியும்போது வழங்கும் சொற்களில் குடும்பத்தின் மணம் இருக்கிறது. பெரிய ஊரின் கோயில் தாய்ப்பங்கு. சுற்றியுள்ள சிற்றூர்கள் அதன் கிளைப்பங்குகள். கிளை என்பது மரத்தின் கொம்பும் ஆகும், சுற்றமும் ஆகும். கிளை வளர்ந்து தனக்கென ஒரு குருவைப் பெற்றால் தனிப்பங்கு. மூத்த மகன் தனிக்குடித்தனம் போகும்போது நடக்கும் பண்டபாத்திரச் சச்சரவு இங்கேயும் நடக்கும். தேர் யாருக்கு, பழைய சொரூபம் யாருக்கு என்பன எளிதில் தீரும் வழக்குகள் அல்ல. பங்குக்குள்ளே முப்பது நாற்பது வீடுகளைச் சேர்த்து உண்டாக்கும் சிறு குழுக்களுக்கு அன்பியம் என்று அண்மைக்காலத்தில் பெயர் புனைந்தார்கள். பெண்ணியம், மார்க்சியம் என்பவற்றில் கொள்கையைக் குறிக்க ஒட்டும் அதே இயம்தான். பழந்தமிழில் இயம் என்றால் இசைக்கருவி என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் சொல் இன்னும் இனிக்கிறது. புனைந்தவர் நினைத்தாரோ இல்லையோ, நாம் நினைத்துக்கொள்வதில் பழுதில்லை.

ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவரின் வாயில் இச்சொல் எப்படி வழங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னையில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்து, அங்குள்ள பங்கில் பெயர் எழுதி, சந்தா கட்டி, அன்பியத்துக்கும் போய்வரும், கடற்கரை ஊரான உவரியைச் சேர்ந்தவர், "எங்க பங்குத் திருவிழா" என்று சொன்னால் அது சென்னைத் திருவிழா ஆகாது. கொடியேற்றத்துக்கு உவரிக்கு வண்டியேறப்போகிறார் என்று பொருள். சென்னைப் பங்கில் அவர் கிரேக்கர் சொன்ன பரோய்க்கோஸ். உவரியில் தமிழர் சொன்ன பங்காளி. அவர் மகனுக்குத் திருமணம் கூடினால், மணமக்கள் இருவரும் சேர்ந்த பங்குகளில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பனையோலை போய்க் கையெழுத்துத் தாள் வந்து, அது போய்த் தட்டச்சுப் படிவம் வந்தும் அந்த அறிவிப்புக்குத் தென்பகுதியில் ஓலை என்றே பெயர். மகனுக்குத் திருமுழுக்கு உவரியில் நடந்திருந்தால் அதற்கான சான்று அங்கிருந்துதான் வர வேண்டும். திருமணம் எங்கே நடந்தாலும் செய்தி அந்தப் பழைய பதிவேட்டுக்குத் திரும்பிப்போய், அவன் திருமுழுக்குப் பெயருக்கு எதிரே எழுதப்படும்.